தமிழ் வகுப்பறைப் படவில்லைகளும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களின் அணுகலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழிலக்கிய வகுப்பறைகளில் கரும்பலகை செய்துவந்த பணியின் ஒரு பகுதியைப் படவில்லைக் காட்சி இன்று ஏற்றுள்ளது. அப்படவில்லைகள் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களைச் சென்றடைவதில் உள்ள தடைகளை இக்கட்டுரை விளக்குகின்றது. பொதுவான அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் ஆங்கிலப் பாடங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்ப் படவில்லையில் எழுத்துருக் குறியேற்றம், வடிவொத்த எழுத்துகள், யாப்பு அலகீடு, திணை அட்டவணை, சுவடிப் படம் ஆகியவை தமக்கே உரிய சிக்கல்களைத் தோற்றுவிக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கணினி வல்லுநரைவிடத் தமிழாசிரியரே தீர்க்க முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: படவில்லை, திரைவாசிப்பான், ஒருங்குறி, மாற்று உரை, அலகிடுதல், சுட்டு

முன்னுரை

முதுகலைத் தமிழ் வகுப்பொன்றில் யாப்பியல் பாடம் நடைபெறுவதாகக் கொள்ளலாம். திரையில் ஒரு வெண்பா. சீர்களின் கீழே அசைக்குறிகள். சீருக்கும் சீருக்கும் இடையே அம்புக்குறிகள். ஆசிரியர் விரலால் சுட்டி, 'இதுவும் இதுவும் சேர்ந்தால் என்ன தளை?' என வினவுகின்றார். வகுப்பு விடை கூறுகின்றது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற மாணவர் வினாவையும் விடையையும் கேட்கின்றார். 'இது' எதுவென அறிய அவருக்கு வழியில்லை. மற்றவர்கள் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கின்றனர். மாலையில் அப்படமே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிற்கும் வருகின்றது. விடுதியில் நண்பர் ஒருவர் படித்துக்காட்டினால் அன்றைய பாடம் கிடைக்கும். நண்பருக்கும் மறுநாள் தேர்வு இருந்தால் கிடைக்காது.

இங்கு இழக்கப்படுவது ஒரு வகுப்பின் செய்தி மட்டுமன்று. தனித்துப் படித்தல், ஐயம் எழுந்த இடத்திற்கு மீளுதல், தன் விரைவில் மீண்டும் படித்தல் ஆகிய மூன்றும் பிறரது ஓய்வு நேரத்தைச் சார்ந்தவையாகிவிடுகின்றன. பார்வையற்றோர் பலர் உயர்கல்வியில் தமிழைத் தேர்கின்றனர். அவ்வாறு பயின்றோர் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியர்களாகவும் பணியாற்றுகின்றனர். எனவே ஏனைய துறைகளைவிடத் தமிழ்த்துறைக்கு இச்சிக்கல் நெருக்கமானதாகும்.

திரைவாசிப்பான் கேட்பது எதனை?

பார்வையற்ற மாணவர் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையுடன் பயன்படுத்துகின்றார். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கம் தொடங்கப்பெற்று, இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. அவற்றுள் பரவலானது. அதனுடன் இணைந்து வரும் இஸ்பீக் என்.ஜி. ஒலிப்பொறியில் தமிழும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் இப்பணியைச் செய்கின்றது. இம்மென்பொருள்கள் பொதுவாகத் திரையில் தோன்றும் வடிவத்தை நோக்குவதில்லை. வடிவத்தின் பின்னே கணினி சேமித்து வைத்துள்ள குறியெண்களையே படிக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது குறியெண்ணிலும் தமிழாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தமிழ்ப் படவில்லையின் முதற்சிக்கல் இங்குத் தொடங்குகின்றது.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லைத் தட்டச்சிட்டால், கோப்பில் சேமிக்கப்படுவன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவ்வெழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் வரையப்பட்டுள்ளமையால் கண் 'தமிழ்' எனப் படிக்கின்றது. திரைவாசிப்பானோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டத்தை ஒலிக்கின்றது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட 'டாப்' குறியேற்றத்தில் தமிழ் எழுத்துகள் 8 பிட்டு அட்டவணையின் மேற்பாதியில் அமைந்துள்ளன. அதில் எழுதிய பக்கத்தைக் கேட்பவருக்கு ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளே காதில் விழும். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரப்பாடுகளாக ஏற்றது. அவற்றுள் டேஸ்-16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைவதால், அச்சுப்பணிக்கு அது எத்துணை வசதியாயினும், பொதுவான திரைவாசிப்பான்கள் அதனைத் தமிழாக ஒலிப்பதில்லை. ஆகவே படவில்லைக்கு ஒருங்குறி ஒன்றே வழி.

பழைய குறிப்புகளை மீண்டும் தட்டச்சிட வேண்டியதில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் பாமினி முதலிய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தருகின்றன. எனினும் ஒரே பத்தியில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்களும் அடைப்புக்குறிகளும் மாற்றத்தின்போது சிதையக்கூடும். மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். தமிழ் ஆய்விதழ்கள் பலவற்றின் பழைய இதழ்கள் இவ்வகை எழுத்துருக்களிலேயே மின்கோப்புகளாக உள்ளன என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அணுகல்தன்மை பற்றிய கட்டுரையே அத்தகைய கோப்பில் வெளிவந்தால், அக்கட்டுரை யாரைப் பற்றியதோ அவரால் அதனைப் படிக்க இயலாது.

வடிவொத்த எழுத்துகள்

ஒருங்குறியில் எழுதினாலும் சில பிழைகள் மறைந்து நிற்கின்றன. 'ஔவை' என்பதன் முதலெழுத்து ஒருங்குறியில் ஒரே எழுத்து. தட்டச்சில் அதனைக் காணாதோர் 'ஒ' என்பதனையும் 'ள' என்பதனையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவை' என எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. செவிக்கு முன்னது ஔவையாகவும், பின்னது ஒகரமும் ளகரமும் தனித்தனியே ஒலிக்கும் வேறொரு சொல்லாகவும் கேட்கின்றது. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆவதும் இத்தகையதே. தமிழ் எண் ௧ வரவேண்டிய இடத்தில் ககர எழுத்தையும், ௭ வரவேண்டிய இடத்தில் எகரத்தையும் இடுவோர் உளர். பாடல் எண்ணை எதிர்பார்க்கும் மாணவருக்கு ஓர் உயிர்மெய்யோ உயிரோ கேட்கும். பார்வையுள்ள மெய்ப்புத் திருத்துநர் கடந்துசெல்லும் இப்பிழைகளைத் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் முதற்கேட்பிலேயே கண்டுபிடிப்பார். துறைசார் படவில்லைகளின் மெய்ப்பைப் பார்க்க அவரைவிடத் தக்கவர் அரியர்.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. நகர னகரங்களின் ஒலி வேறுபாடு இன்றைய பேச்சில் பெரிதும் மங்கிவிட்டது. விரைந்து ஒலிக்கும் செயற்கைக் குரலில் ரகர றகர வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் தெளிவாகச் செவிக்கு எட்டுவதில்லை. 'அரம்', 'அறம்' என இரு சொற்களை அருகருகே இட்டுப் பொருள் வேறுபாடு கற்பிக்கும் படவில்லை, கேட்பவருக்கு ஒரே சொல்லை இருமுறை கூறுவதுபோல் அமையலாம். எழுத்தெழுத்தாகக் கேட்க மென்பொருளில் வசதி உண்டு. ஆயினும் எங்கு நின்று அவ்வாறு கேட்க வேண்டும் என்பது மாணவருக்கு முன்னரே தெரிய வேண்டும். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம், இடையின ரகரம், வல்லின றகரம் என்னும் பெயர்கள் இதற்கெனவே அமைந்தவைபோல் உள்ளன. 'அறம், வல்லின றகரம்' எனப் படவில்லையிலேயே எழுதிவிட்டால் சிக்கல் தீர்கின்றது. திண்ணைப்பள்ளிக் காலம் முதல் வாய்மொழியாகக் கற்பித்தோர் கையாண்ட பெயர்கள், திரைவாசிப்பான் காலத்திலும் அதே பணியைச் செய்கின்றன.

வில்லையின் உள்ளமைப்பு

பவர்பாயிண்ட் மென்பொருளில் தலைப்புக்கும் உரைக்கும் எனத் தனித்தனிப் பெட்டிகள் வார்ப்புருவிலேயே உள்ளன. அவற்றை நீக்கிவிட்டு, விரும்பிய இடத்தில் புதிய உரைப்பெட்டிகளை வரைந்து எழுதுவோரே மிகுதி. தலைப்புப் பெட்டி வெறுமையாக இருந்தால், 40 வில்லைகள் கொண்ட கோப்பில் மாணவர் தேடும் வில்லையைத் தலைப்பால் அடையாளம் காண முடியாது. இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 'அவுட்லைன் வியூ' என்னும் காட்சியைத் திறந்தால், வார்ப்புருப் பெட்டிகளில் எழுதியவை மட்டுமே அங்குத் தோன்றும். தனியே வரைந்த பெட்டிகளில் உள்ளவை தோன்றா. அக்காட்சி வெறுமையாக இருப்பின் கோப்பின் அமைப்பில் குறை உள்ளது என அறியலாம்.

ஒரு வில்லையில் உள்ள உறுப்புகளைத் திரைவாசிப்பான் அவை சேர்க்கப்பட்ட வரிசையில் படிக்கின்றது. பாடலை இறுதியில் சேர்த்து மேலே நகர்த்தி வைத்திருந்தால் உரை முதலிலும் பாடல் பின்னரும் ஒலிக்கும். 'செலக்ஷன் பேன்' பட்டியலில் இவ்வரிசையைக் கண்டு திருத்தலாம். அப்பட்டியலில் வரிசை கீழிருந்து மேலாக அமையும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

திணை அட்டவணை

முதல், கரு, உரிப்பொருள்களை ஐந்து திணைகளுக்கும் ஒரே அட்டவணையில் காட்டும் வில்லை இல்லாத சங்க இலக்கிய வகுப்பு அரிது. கண் அட்டவணையை ஒரே நோக்கில் கொள்கின்றது. செவி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகர்கின்றது. தலைப்பு வரிசை இதுவென மென்பொருளுக்கு அறிவிக்காவிடில், 'யாமம்', 'மாலை', 'வைகறை' எனச் சொற்கள் அடுத்தடுத்து ஒலிக்கும். யாமம் குறிஞ்சிக்குரியது என்பதும் மாலை முல்லைக்குரியது என்பதும் கேட்பவர் ஊகிக்க வேண்டியவையாகிவிடும். 'ஹெடர் ரோ' என்னும் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தலும், கட்டங்களை ஒன்றிணைக்காமல் விடுதலும் இதனைப் பெருமளவு தீர்க்கும். குறிஞ்சிக்குப் பச்சை, நெய்தலுக்கு நீலம் என நிறத்தால் மட்டும் திணையை வேறுபடுத்தி, பெயரை எழுதாது விடும் வில்லைகளும் உள. நிறத்துடன் பெயரும் இருந்தால் எவருக்கும் இழப்பில்லை. அட்டவணையைப் படமாக வெட்டி ஒட்டுதல் மட்டும் எந்நிலையிலும் கூடாது. அதன் சொற்கள் அனைத்தும் கேட்பவருக்கு மறைந்துவிடும்.

அலகிடுதல்

முன்னுரையில் குறித்த வெண்பா வில்லைக்குத் திரும்பலாம். நேரசைக்குச் சிறுகோடும் நிரையசைக்கு இரட்டைக்கோடும் இடுவது வழக்கம். திரைவாசிப்பானின் குறியொலிப்பு அமைப்பைப் பொறுத்துச் சிறுகோடு ஒலிக்கப்படாமலேயே கடந்துசெல்லும். தளையைக் காட்டும் அம்புக்குறியை அடையும்போது, 'ஸ்ட்ரெயிட் ஆரோ கனெக்டர் 14' என்பதுபோல் மென்பொருள் அதற்கு இட்ட பெயரே கேட்கும். அசைபிரிக்க இடைவெளி விட்டும் சாய்கோடு இட்டும் உடைத்த சீர், சொல்லாக ஒலிக்காது துண்டுகளாகச் சிதறும்.

இத்தனைக்கும் யாப்பிலக்கணம் செவிக்கெனவே வாய்பாடு வகுத்த இலக்கணமாகும். 'புளிமா' என்னும் சொல்லே நிரையும் நேருமாக ஒலித்துத் தன் இலக்கணத்தைத் தானே காட்டுகின்றது; 'கூவிளம்' நேர் நிரையாகவும் 'கருவிளம்' நிரை நிரையாகவும் ஒலிக்கின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்பனவும் அவ்வாறே. அம்பும் கோடும் பின்னர் வந்த கரும்பலகை வசதிகள். படவில்லை ஆசிரியர் வாய்பாட்டை முதன்மையாக்கினால் போதும். பாடலை அசை பிரிக்காது ஒரு வில்லையில் முழுமையாகத் தந்துவிட்டு, அடுத்த வில்லையில் ஒவ்வோர் அடியையும் பின்வருமாறு எழுதலாம்:

முதற்சீர்: நிரை நேர், புளிமா.
இரண்டாம் சீர்: நிரை நிரை, கருவிளம். மாமுன் நிரை, இயற்சீர் வெண்டளை.
மூன்றாம் சீர்: நேர் நிரை, கூவிளம். விளமுன் நேர், இயற்சீர் வெண்டளை.
நான்காம் சீர்: நேர் நேர், தேமா. விளமுன் நேர், இயற்சீர் வெண்டளை.

இவ்வடிவம் திரையில் அழகு குன்றியதாகத் தோன்றலாம். ஆனால் தளை எவ்வாறு பிறக்கின்றது என்பதை அம்புக்குறியைவிடத் தெளிவாகச் சொல்கின்றது. பார்வையுள்ள மாணவரும் தேர்வில் எழுத வேண்டியது இதனையே. பல அடிகள் கொண்ட பாடலாயின் அலகீட்டைப் படவில்லையில் திணிப்பதைவிட, தலைப்புகள் இட்ட எளிய வேர்ட் கோப்பாகத் தனியே தருதல் நன்று.

சுவடியும் கல்வெட்டும்

படங்களுக்கு மாற்று உரை எழுத வேண்டும் என்பது அணுகல்தன்மை நெறிகளுள் முதன்மையானது. படத்தைத் தேர்ந்து வலச்சொடுக்கில் தோன்றும் 'ஆல்ட் டெக்ஸ்ட்' பெட்டியில் அவ்வுரையை எழுதலாம். 'ஓலைச்சுவடியின் படம்' என எழுதினாலும் அப்பெட்டி நிரம்பிவிடும். மென்பொருளின் சோதனையும் குறை கூறாது. ஆனால் ஆசிரியர் அப்படத்தை எதற்குக் காட்டினார் என்பது அதில் இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படாமையையும், எகர ஏகார வேறுபாடு காட்டப்படாமையையும் விளக்கவே சுவடி காட்டப்பட்டதெனின், மாற்று உரை அதனையே கூற வேண்டும்: 'ஓலைச்சுவடியின் ஓர் ஏடு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்களுக்குப் புள்ளி இல்லை. எகரக் குறிலும் நெடிலும் ஒரே கொம்பால் எழுதப்பட்டுள்ளன.' பாட வேறுபாடு எங்கிருந்து தோன்றுகின்றது என்பதை இவ்வுரையைக் கேட்ட மாணவர் உய்த்துணர முடியும். ஒரே ஏட்டின் படத்தை அட்டைப்பட அழகுக்காக இடும்போது அது அணி மட்டுமே. அதனை 'டெக்கரேட்டிவ்' எனக் குறித்து, திரைவாசிப்பான் கடந்துசெல்ல விடலாம். படம் எதற்காக என்னும் முடிவை எந்த மென்பொருளும் எடுக்க இயலாது. அம்முடிவு உரையாசிரியர் செய்த பணிக்கு நெருங்கியதாகும்.

தமிழி எழுத்துகளின் வடிவத்தைக் கற்பிக்கும்போது சொல் மட்டும் போதாது. ககரம் கூட்டல் குறி போன்றது எனச் சொல்லலாம். எல்லா எழுத்துகளையும் அவ்வாறு சொல்ல முடியாது. தடித்த அட்டையில் பசைக்கோட்டால் வரைந்து உலரவிட்டால் தொட்டுணரும் எழுத்து கிடைக்கும். அந்தகக்கவி வீரராகவ முதலியார் தம் முதுகில் எழுதச்செய்து எழுத்தறிந்தார் என வழங்கும் மரபுச் செய்தியில் இக்கல்விமுறையின் சாயலைக் காணலாம்.

குறைபார்வை

பார்வை மாற்றுத்திறனாளிகள் அனைவரும் முற்றிலும் பார்வையற்றோர் அல்லர். குறைபார்வை உடையோருக்கு நிற முரணும் எழுத்தளவுமே முதன்மை. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள் சிறிய எழுத்துக்கு 4.5:1 என்னும் முரண் விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்னும் விகிதத்தையும் குறைந்த அளவாகக் குறிக்கின்றன. வெண்பின்னணியில் தூய மஞ்சள் எழுத்தின் விகிதம் ஏறத்தாழ 1.07:1. கோலமோ கோபுரமோ மங்கலாகப் பின்னணியில் தெரிய, அதன்மேல் பாடலை எழுதும் வழக்கம் தமிழ்ப் படவில்லைகளில் மிகுதி. புள்ளியும் கொம்பும் சுழியும் கொண்ட எழுத்துகளுக்கு அப்பின்னணி ஆங்கிலத்தைவிட மிகுந்த இடையூறாகும்.

சுட்டும் பெயரும்

கோப்பு எத்துணைச் செம்மையாக இருப்பினும் வகுப்பறைப் பேச்சு பழையபடியே இருந்தால் பயன் பாதியே. அ, இ, உ என்னும் மூன்றனையும் தொல்காப்பியம் சுட்டு எனக் குறிக்கின்றது. சுட்டுச்சொல் பொருள் தருவதற்குப் பேசுபவரும் கேட்பவரும் ஒரே பொருளை நோக்கியிருத்தல் வேண்டும். திரையை நோக்கிக் கூறும் 'இது', 'இங்கே', 'மேலே உள்ளது' என்பன பார்வையற்ற மாணவருக்குச் சுட்டப்படும் பொருள் இல்லாத சுட்டுகளாகின்றன. 'இதுவும் இதுவும்' என்பதை 'இரண்டாம் சீர் கருவிளமும் மூன்றாம் சீர் கூவிளமும்' என மாற்றுவதற்கு ஆகும் நேரம் சில நொடிகளே. வில்லை மாறும்போது அதன் எண்ணையும் தலைப்பையும் கூறினால், தம் மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மாணவர் உடன் வர இயலும்.

கோப்பு வழங்கும் முறை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகின்றது. சேர்க்கைக்குப் பின் பாடப்பொருள் கைக்கு எட்டாவிடில் அவ்விடம் பெயரளவினதே. மூலநூற் பகுதிகளை எழுத்துணரி வழியாக உரையாக்கித் தருவதில் பதிப்புரிமைத் தயக்கம் கொள்வோர் உளர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளின் கல்விப் பயன்பாட்டிற்காக அணுகத்தக்க வடிவில் படியெடுத்தலை அனுமதிக்கின்றது. கூகுள் டிரைவ், டெசராக்ட் ஆகியவற்றின் எழுத்துணரிகள் தமிழையும் படிக்கின்றன. பழைய அச்சில் அவை தவறும் இடங்கள் உண்டு என்பதால், பாடல் வரிகளை மட்டுமேனும் மூலத்துடன் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

மாணவருக்குத் தரும் கோப்பு பவர்பாயிண்ட் மூலமாகவே இருத்தல் நலம். பி.டி.எஃப். ஆக்கும்போது தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி, உரை குலைந்து ஒலிப்பது பலமுறை நிகழ்வதாகும். பி.டி.எஃப். தேவையெனில் 'பிரிண்ட்' வழியே ஆக்காது 'சேவ் ஆஸ்' வழியே ஆக்கினால் தலைப்பு, மாற்று உரை முதலியவற்றின் குறியீடுகள் உடன்செல்லும். எந்தக் கோப்பாயினும் வகுப்பிற்கு முதல்நாள் சென்றடைய வேண்டும். வகுப்பு முடிந்தபின் வரும் கோப்பு, திரையில் வெண்பா ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு மணிநேரத்தை மாணவருக்குத் திருப்பித் தராது. முதல்நாள் வந்தால் அவரும் தளையைக் கணக்கிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து விடை கூறலாம்.